உனக்கு என்ன நட்சத்திரம்?

எங்கள் வீட்டில் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. கிள்ளையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அக்கா மகளைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்பார்கள். அக்கா குரலைத் தாழ்த்தி "மூலம்" என்பாள். வந்தவர் "ஓ" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். பெண் மூலம் நிர்மூலம் என்ற சொலவடை அந்த "ஓ"வுக்குள் இருக்கிறது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகமாட்டாளாம். எந்த ஊரில் இருக்கிறார், யார் என்றே தெரியாத ஒரு மாமனாரின் ஆயுளுக்கு, ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இப்போதே பொறுப்பாளியாகிவிட்டாள்.

அவளும் நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறாள். ஆனால் வேறு மாதிரி. போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "சித்தி, பெரிய நட்சத்திரம்னா ரொம்ப நாளு இருக்கணும்தானே? அப்பறம் ஏன் சீக்கிரமா செத்துப்போவுது?" அப்பாவின் போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் சூரியனைவிட நூறு மடங்கு பெரியவை, சீக்கிரமே அழிந்து கருந்துளை ஆனவை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "கருந்துளை ஆவணும்னா நட்சத்திரம் செத்தே ஆவணுமா? நட்சத்திரமே ஆவாம நேராக் கருந்துளை ஆவ முடியாதா?"

இதே கேள்விகளுக்கு அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த பதில்களை அவளே சொன்னாள். அப்பா சிரித்தார்: "நாசாவுலேருந்து உன்னத் தேடி ஆளு வரப்போவுது பாரு." பக்கத்து வீட்டு அத்தை கன்னத்தைக் கிள்ளினார்: "கல்பனா சாவ்லாவா வரப்போறா." பள்ளிக்கூடத்தில், "பாடத்துல இருக்கறத மொதல்ல படி." ஆயா மட்டும் நேராகச் சொன்னார்: "பாத்திரத்தத் தேச்சு முடிச்சுட்டுப் பேசுடி." ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் அப்போது மாடியில் நண்பர்களோடு இருந்தான்.

யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுத வந்தது அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான். பெண்குழந்தையின் ஆர்வத்தைத் தடுப்பவர்கள் இன்று குறைவு. மெச்சிவிட்டு, பாத்திரத்தின் முன்னால் மறுபடி உட்கார வைப்பவர்களே அதிகம்.

*

நம் சமூகம் பெண்களுக்கு வானத்தைக் காட்டாமல் இல்லை. கணக்குப் பார்த்துக் காட்டுகிறது.

முதலில் மூலம். ஆனி, ஆடி மாதங்களில் முன்னிரவில் தெற்கே பார்த்தால், தேள் ஒன்று வாலை வளைத்துக்கொண்டு கிடப்பதுபோல் விண்மீன்கள் தெரியும். அந்த வாலில் இருப்பதுதான் மூலம். அங்கே மாமனாரைக் கொல்லும் தோஷம் எதுவும் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, ஏறக்குறைய அதே திசையில், நம் பால்வீதியின் மையம் இருக்கிறது. அந்த மையத்தில் சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் அதன் படத்தை வெளியிட்டார்கள். அதைச் சுற்றி ஓடும் விண்மீன்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, அங்கே இருக்கும் நிறையைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரியா கெஸ். 2020-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1901-ல் தொடங்கிய அந்தப் பரிசைப் பெற்ற பெண்களில் அவர் நான்காமவர். மூலத்தின் பக்கம் பார்த்து ஒரு பெண் கண்டது அது. நாம் கண்டது ஒரு வரன் தட்டிப்போவதை.

அடுத்து அருந்ததி. ஒரு தமிழ்ப்பெண்ணை எல்லாரும் சேர்ந்து "வானத்தைப் பார்" என்று சொல்லும் ஒரே நாள் அவளுடைய கல்யாண நாள். அக்காவின் கல்யாணம் எனக்கு நினைவிருக்கிறது. காலை ஒன்பது மணி இருக்கும். அம்மி மிதித்த பிறகு மண்டபத்து வாசலுக்குக் கூட்டிப்போய் விரலை நீட்டினார்கள். "தெரியுதா?" என்று கேட்டார்கள். வெயில் கண்ணைக் கூசியது. அக்கா "தெரியுது" என்றாள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்வதுதான் இல்வாழ்க்கையின் முதல் பாடம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உண்மையான அருந்ததி என்ன என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் என்று நாம் சொல்லும் விண்மீனுக்குப் பக்கத்தில் மங்கலாக இருப்பது அது. இரண்டும் ஏறக்குறைய 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. தொலைநோக்கி வந்த பிறகு பார்த்தால், வசிட்டர் ஒருவரல்ல, நான்கு விண்மீன்களின் கூட்டம். 2009-ல் அருந்ததிக்கும் மங்கலான துணை விண்மீன் ஒன்று இருப்பது தெரியவந்தது. கற்புக்கு உவமையாகக் காட்டிய விண்மீன், காட்டியவர்களின் கதையைக் கேட்டு நடக்கவில்லை. தன் பாட்டுக்குச் சூரியனைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கிறது.

பிறந்தவுடன் ஒரு நட்சத்திரம், தாலி கட்டும்போது இன்னொன்று. இரண்டுமே யாரோ ஓர் ஆணின் நலத்துக்காக. இவற்றுக்கு நடுவில் ஒரு பெண்குழந்தை தன் சொந்தக் கேள்விக்காக வானத்தைப் பார்த்தால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

*

அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்ல நாசாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

பெரிய விண்மீன் ஏன் சீக்கிரம் அழிகிறது? கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பையும் வீட்டு அடுப்பையும் நினைத்துக்கொள்ளலாம். கோட்டை அடுப்பில் விறகு அதிகம்தான். ஆனால் அது எரியும் வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகம். நிறை கூடக்கூட, விண்மீனின் நடுவில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, எரிபொருள் மிக வேகமாகத் தீர்ந்துவிடும். நம் சூரியன் சுமார் 1000 கோடி ஆண்டு எரியும். அதைப்போல் நூறு மடங்கு நிறையுள்ள விண்மீன் 20, 30 லட்சம் ஆண்டுகளில் முடிந்துவிடும். இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். மார்கழியில் சிதம்பரமே திரண்டு ஆருத்ரா தரிசனம் பார்க்கிறதே, அந்தத் திருவாதிரைதான் வானத்தில் சிவப்பாகத் தெரியும் பெரு விண்மீன். சூரியனுக்கு 460 கோடி வயது. இன்னும் பாதி ஆயுள் மீதி இருக்கிறது. திருவாதிரைக்குச் சுமார் ஒரு கோடி வயதுதான். அதற்குள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

முதல் விண்மீன்கள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன? பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. அதன் முதல் சில பத்துக் கோடி ஆண்டுகளில் ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை. கார்பன், ஆக்சிஜன் போன்ற தனிமங்கள் கலந்திருந்தால் வாயு மேகம் எளிதில் குளிர்ந்து சிறுசிறு துண்டுகளாக உடையும். அவை இல்லாததால் மேகங்கள் சூடாகவே இருந்தன. பெரும் நிறை சேர்ந்த பிறகுதான் சரிந்து விண்மீன் ஆக முடிந்தது. அப்படிப் பிறந்தவை அழிந்தபோது சிதறியவற்றிலிருந்துதான் கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் பரவத் தொடங்கின. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் விண்மீன்களில் வெந்ததுதான்.

இனி அவளுடைய இரண்டாவது கேள்வி. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விண்மீனே ஆகாமல் நேராகக் கருந்துளை ஆக முடியாதா? இது வெகுளித்தனமான கேள்வி அல்ல. இன்றைய வானியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. பிரபஞ்சம் மிக இளமையாக இருந்த காலத்திலேயே கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள கருந்துளைகள் இருந்தன என்று தெரிகிறது. இறந்த விண்மீனின் சிறு கருந்துளை அவ்வளவு குறைந்த காலத்தில் அவ்வளவு தின்று வளர்ந்திருக்க முடியுமா? முடியாதென்றால், மாபெரும் வாயு மேகங்கள் விண்மீன் என்ற கட்டத்தையே தாண்டி நேரடியாகச் சரிந்து கருந்துளை ஆகியிருக்க வேண்டும்.

இந்தக் கருத்தை 2006-லிருந்து தன் சகாக்களோடு வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். அப்படிப் பிறந்த கருந்துளை எப்படித் தோற்றமளிக்கும் என்று அவரது குழு முன்கூட்டியே கணித்திருந்தது. 2023 நவம்பரில், பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதே ஆகியிருந்த காலத்துக் கருந்துளை ஒன்று யுஹெச்இசட்-1 என்ற விண்மீன் மண்டலத்தில் கண்டறியப்பட்டது. அதன் நிறை ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி சூரியன்கள் வரை இருக்கலாம். அந்த மண்டலத்தின் எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். அது கணிப்போடு பொருந்தியது. விவாதம் முடிந்துவிடவில்லை, ஆனால் சான்று வலுவானது. கிள்ளையில் பாத்திரம் துலக்கிய பெண் கேட்டதும் யேலில் ஒரு பேராசிரியர் கேட்டதும் ஒரே கேள்வி.

*

ஒருத்தியின் கேள்வி ஆய்வானது, இன்னொருத்தியின் கேள்வி சிரிப்பானது. எங்கே பிரிகிறது இது?

பிரியம்வதா பள்ளி மாணவியாக இருந்தபோது தில்லி நேரு கோளரங்கத்துக்குப் போய், ஆய்வு செய்ய ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் நிருபமா ராகவன் என்ற வானியலாளர். அவர் கன்னத்தைக் கிள்ளவில்லை. கணக்கு ஒன்றைக் கொடுத்தார்: தில்லியின் வானத்துக்கு ஒரு விண்மீன் வரைபடம் போட்டுக்கொண்டு வா. அந்தப் பெண் தன் வீட்டுக் கம்மோடோர் கணினியில் நிரல் எழுதிப் போட்டுக்கொண்டு போனார். படித்த பெற்றோர், வீட்டில் கணினி, தலைநகரில் கோளரங்கம் என்று அவருக்கு எத்தனையோ வசதிகள் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணினியைவிடப் பெரிய வசதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒரு பெண், இன்னொரு பெண்ணின் கேள்வியை நம்பி, அதற்கு ஈடாக வேலை கொடுத்தாள். பாராட்டு வாங்கிய குழந்தை அத்தோடு நின்றுவிடும். வேலை வாங்கிய குழந்தை மறுபடி வரும்.

இதற்கு அடுத்து வேண்டியது இரவு. வானியல் இரவுப் படிப்பு. நாம் பெண்களிடமிருந்து முதலில் பிடுங்குவதும் இரவைத்தான்.

இது நம் ஊரின் பத்தாம்பசலித்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1940-களில் மார்கரெட் பர்பிட்ஜ் என்ற ஆங்கிலேய வானியலாளர், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வேலை செய்ய நல்கை கேட்டு விண்ணப்பித்தார். அங்கே ஆண்களுக்கு மட்டும்தான் இடம் என்று பதில் வந்தது. பின்னால் 1950-களில் அவர் அங்கே போனது கணவரின் உதவியாளர் என்ற பெயரில். தொலைநோக்கியை இயக்கத் தெரிந்தவர் மனைவி. அனுமதிச் சீட்டு கணவர் பெயரில். ஆண் வானியலாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே "மடம்" என்றே பெயர். தம்பதிக்குத் தள்ளி ஒரு குடில். தனிமங்கள் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்று விளக்கிய 1957-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரையில், நான்கு ஆசிரியர்களில் முதல் பெயர் மார்கரெட்டினுடையது. நம் ரத்தத்தின் இரும்பு எங்கே வெந்தது என்று சொன்னவர்களில் ஒருத்திக்கு, இரவில் வானம் பார்க்க அனுமதி கிடையாது.

பாலோமர் வானாய்வகத்தில் 1960-களின் நடுப்பகுதிவரை பெண்கள் தங்கள் பெயரில் வானத்தைப் பார்க்க முடியாது. சொன்ன காரணங்களில் ஒன்று, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. 1965-ல் அனுமதி பெற்று அங்கே போன வேரா ரூபின், காகிதத்தில் ஒரு பாவாடையை வெட்டி, கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்தின்மேல் ஒட்டினார். "இதோ, இப்போது இருக்கிறது" என்பதுதான் அதன் அர்த்தம். கழிப்பறை இல்லை என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பிய கதை நம் பள்ளிக்கூடங்களுக்கும் தெரிந்ததே.

கிள்ளைக்குத் திரும்புவோம். "பொம்பளப் புள்ள ராத்திரில மாடில நிக்கக் கூடாது" என்கிறார் ஆயா. ஏன் என்றால், பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் இதே ஊரில் விடியற்காலை இருட்டில் பெண்கள் அன்னக்கூடையோடு முடசல் ஓடைக்கு மீன் எடுக்கப் போகிறார்கள். பிச்சாவரத்து உப்பங்கழியில் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். நீர் ஏறுவதும் வற்றுவதும் நிலவோடு மாறும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த இருட்டில் அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆக, பெண்ணுக்கு இரவு மறுக்கப்படவில்லை. உழைக்கும் இரவு தாராளமாகக் கிடைக்கிறது. நின்று அண்ணாந்து பார்க்கும் இரவுதான் கிடைப்பதில்லை. சும்மா நிற்கும் பெண்ணைத்தான் நம் ஊருக்குப் பயம்.

மாடியில் நிற்கும் பெண்ணுக்கு ஆபத்து இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்த ஆபத்து வானத்திலிருந்து வருவதில்லை, தெருவிலிருந்து வருகிறது. தெருவைத் திருத்தாமல் பெண்ணை உள்ளே கூப்பிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. ஆகாயத்தையே சாமியாகக் கும்பிடும் சிதம்பரம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆகாயத்தின் கீழே ஒரு பெண்குழந்தை அரைமணி நேரம் நிற்க முடியவில்லை.

*

கடைசியாக, நேரம். யுஹெச்இசட்-1 கருந்துளையை எக்ஸ் கதிர்களில் கண்டுபிடித்த விண்வெளித் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். விண்மீன்களின் முடிவைப் பற்றி அந்தக் கப்பலிலேயே அவர் போட்ட கணக்குதான் கருந்துளைக்கு வழிகாட்டியது. 1999 ஜூலையில் அந்தத் தொலைநோக்கியை விண்ணுக்குக் கொண்டுபோன கொலம்பியா ஓடத்தின் தலைவர் ஐலீன் காலின்ஸ். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் அவருடைய அம்மா சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகள் பெற்றவர். அந்தப் பத்துக்கு நடுவில், இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மனைவி என்ற வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறும் நாடகம் அது. சந்திரசேகர் மூன்றாவது குழந்தை, முதல் மகன். அவருக்கு முன்னால் இரண்டு அக்காக்கள். கப்பலேறும் கனவு அந்த வீட்டில் மூன்றாவது குழந்தையிடம் வந்துதான் நின்றது. இன்னொருவர் மனைவி லலிதா. அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1936-ல் திருமணம். ஆராய்ச்சி வாழ்க்கை அவருடையதாகத் தொடர்ந்தது, லலிதாவினுடையதாக அல்ல. லலிதாவின் ஆதரவுதான் தன் வாழ்க்கையின் மையம் என்று சந்திரசேகரே எழுதியிருக்கிறார். அதில் நன்றி இருக்கிறது. ஆனால் நன்றியைக் கொண்டு ஒரு பெண்ணின் இயற்பியலை ஈடுகட்ட முடியாது.

சந்திரசேகரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கணக்கு தீர்க்கப்படும்போது, அந்த நேரத்தில் யார் பாத்திரம் துலக்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். அக்கா வீட்டில் அண்ணன் மாடியில் நிற்பதும் தங்கை கொல்லையில் குனிந்திருப்பதும் அறிவு வித்தியாசத்தால் அல்ல. எட்டு மணிக்கு யாருக்கு வேலை இருக்கிறது என்பதால்.

எனவே நான் கேட்பது அறிவியல் விழிப்புணர்வோ, மகளிர் தினத்தன்று மேடையில் ஏற்றி நினைவுப் பரிசு கொடுப்பதோ அல்ல. எட்டு மணிப் பாத்திரத்தை அண்ணன் துலக்கட்டும். மாடியின் கதவு பெண்ணுக்கும் திறக்கட்டும். பள்ளிக்கூடம் மாதத்தில் ஓர் இரவு மாணவிகளுக்காகத் திறந்திருக்கட்டும், ஆசிரியர்களும் அம்மாக்களும் உடனிருக்கட்டும். கேள்வி கேட்டவளிடம் "கெட்டிக்காரி" என்று சொல்லாமல் அடுத்த கணக்கைக் கொடுப்போம்.

நானும் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன். தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே எட்டு மணிக்கு, மாடியில் அதே இடத்தில் நின்று, கையை நீட்டி முட்டியால் அளந்து, அது எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். முதல் வாரம் ஆயா மாடிப்படி வரை வந்து சத்தம் போட்டாராம். அண்ணன் ஒரு தட்டை உடைத்தானாம். நான்காவது வாரம் போனில் சொன்னாள்: "மூணு முட்டி மேற்கால போயிடுச்சு சித்தி. மணி அதேதான். ஏன்?" ஏன் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நான்கு வாரம் அளந்துவிட்டுச் சொல்லச் சொன்னேன்.

அப்புறம் அக்கா போனை வாங்கினாள். தோசை ஊற்றுவதை அத்தானிடம் விட்டுவிட்டு அவளும் இப்போதெல்லாம் மேலே போகிறாளாம். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்த அருந்ததி, அது நெசமா எங்க இருக்கு?"

மாசியில் பத்து மணி ஆகும், வடகிழக்கில் சப்தரிஷி எழும்பினால்தான் தெரியும் என்றேன்.

"பத்து மணியா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "சரி, நாங்க முழிச்சிருக்கோம்" என்றாள்.